கஞ்சித் தண்ணீர் விழுந்த இடம்

புளியந்துறைமேடு,
குமராட்சி வழி.
10.8.2025, ஞாயிறு

அன்பு மாமாவுக்கு,

கொளஞ்சி எழுதுவது. நான் சுகம். ஆடு இரண்டும் சுகம். வீட்டில் இருக்கிற சுவிட்சுகளும் சுகம், உங்களைத்தான் கேட்கின்றன. நீங்கள் சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் ‘இருக்கிறேன்’ என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்புவீர்கள். அதற்கு ஒரு தபால் உறை தண்டம்.

ஊரில் ஆடு மேய்க்கிறவர்கூடப் போனில் பேசுகிறார். எனக்கு மட்டும் அஞ்சாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு கடிதம் எழுதும்படி தலையெழுத்து. நேற்று போஸ்ட்மேன் கேட்டார். “என்னா கொளஞ்சி, ஊட்டுக்காரரு மிலிட்டிரியில இருக்காரா?”

“இல்ல சார், குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரித் தோப்புல காவலு. அங்க கரண்டு கெடையாது. கரண்டு இல்லாத எடமாப் பாத்துத்தான் வேலைக்கே சேந்தாரு.”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். உள்ளே வந்தால் உங்கள் போன் டிரங்குப் பெட்டி மேல் செத்துக் கிடக்கிறது. பக்கத்தில் சார்ஜர் சுருண்டு கிடக்கிறது. அது என்ன சாரைப்பாம்பா மாமா? ஊரெல்லாம் வயரிங் செய்த கைக்கு ஒரு சார்ஜரைச் சொருகப் பயமா?

உங்களோடு வயரிங் வேலைக்கு வந்த பொன்னுரங்கம் அண்ணன் கடலூரில் அந்தக் கம்பெனியில் உங்கள் கண்முன்னே கரண்டில் போனதை நான் மறக்கவில்லை. ஆனால் நீங்கள் வீட்டை விட்டுப் போனது தை மாசம். இப்போது ஆடியே முடியப்போகிறது. மாலதி பாண்டிச்சேரியிலிருந்து போன் போட்டு “அப்பா எங்கம்மா” என்கிறாள். “ரேஷன் கார்டுல இருக்காருடி, போய்ப் பாத்துக்க” என்றேன். பெற்ற மகளிடமே அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்துச் சேதி கேளுங்கள். நம் பள்ளிக்கூடத்து வாசல், சத்துணவுக்கூடத்துப் பின்பக்கம், எல்லாம் சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். சிவப்பும் சாம்பலுமாகக் கல்யாண மண்டபம் போல இருக்கிறது. நான் சோறு ஆக்கிப் போட்டால் பிள்ளைகள் பந்திக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி வருகிறார்கள். கை கழுவுகிற குழாய்தான் புதுசாகக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறது. தொட்டால் சுருக்கென்று எறும்பு கடிக்கிறது. மோட்டார் ஓடுகிறபோது மட்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. வரிசையாகக் கையைக் கோத்துக்கொண்டு முதல் பிள்ளை குழாயைத் தொட, கடைசிப் பிள்ளை வரைக்கும் ‘சுர்ர்’ என்கிறது. கரண்டு ரயில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாலாம் வகுப்பு வெண்மதிதான் எப்போதும் இஞ்சின். நானும் ஒருநாள் கடைசிப் பெட்டியாக நின்றேன். நமக்குச் செருப்பு இருக்கிறதே, ஒன்றும் தெரியவில்லை.

முந்திரிக்காட்டு முனிவரே, பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொளஞ்சி

*

முந்திரித் தோப்பு,
குறிஞ்சிப்பாடி.
14.8.2025

அன்புள்ள கொளஞ்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுக் கொட்டகைக்கு வெளியே போய் நின்றேன். சிரிப்பு வரவில்லை.

அந்தக் குழாயை எந்தப் பிள்ளையும் இனிமேல் தொடக்கூடாது. நீயும் தொடாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் சோற்றை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் போய் பிரிசில்லா டீச்சரிடம் சொல். மோட்டாருக்கு உண்டான பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளச் சொல். சுவிட்சை அணைத்தால் போதும் என்று விடக்கூடாது. அணைத்த சுவிட்சை யாராவது வந்து போடுவார்கள். பொன்னுரங்கம் ஏணி மேல் இருந்தபோது அதுதான் நடந்தது.

மோட்டாரில் கரண்டு கசிகிறது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ள எர்த்துக் குழி இருக்கிறது. அது இழுக்கவில்லை என்றால் குழாயில் வந்து நிற்கும். இன்றைக்கு எறும்பு கடித்த மாதிரி இருக்கும். மழை பெய்து தரை நனைந்து, பிள்ளைகள் வெறுங்காலோடு நின்றால் எறும்பாக இருக்காது.

சத்துணவுக்கூடத்துப் பின்னால் தரையோடு ஓர் இரும்புக் குழாயின் வாய் தெரியும். அந்த எர்த்து நான் போட்டது. இருக்கிறதா என்று பார்.

யாரையாவது கரண்டு பிடித்துக்கொண்டால் கையால் தொடாதே. மெயினை அணைக்க வேண்டும். அது தூரம் என்றால் காய்ந்த கட்டையால் தள்ள வேண்டும். ஈரக் கட்டை கூடாது. இதை நான்கு தரம் படி.

இதைச் செய்தவனுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மெயினை அணைக்கத்தான் ஓடினேன். பொன்னுரங்கம் பொண்டாட்டி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “கையப் புடிக்காம ஓடிட்டியே அண்ணே.” ஆனாலும் நீ தொடாதே.

தேவநாதன்

*

புளியந்துறைமேடு.
24.8.2025, ஞாயிறு

அன்பு மாமாவுக்கு,

கொளஞ்சி எழுதுவது. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் நீங்கள் எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. அதுவும் குழாய்க்காக. அந்தக் குழாயைத்தான் கட்டியிருக்க வேண்டும் நீங்கள்.

கோபப்படாதீர்கள். சொன்னதையெல்லாம் செய்தேன். பிரிசில்லா டீச்சர் உங்கள் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். அன்றைக்கே பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குக்கூட எடுத்துக்கொண்டு போகிறார். யூனியன் ஆபீசுக்கு எழுதியும் போட்டுவிட்டார். பிள்ளைகளை நிற்கவைத்து, கரண்டு ரயில் இனிமேல் எந்த ஊருக்கும் போகாது என்றார். வெண்மதி மட்டும் எழுந்து, “டீச்சர், அப்ப நான் என்னா வேல பாக்குறது?” என்றது. வாயாடி. பெரிசானால் என்னை மாதிரி வரும், பாவம்.

நான் என் பங்குக்கு ஒரு பழைய சேலையைக் குழாய்க்குச் சுற்றி, பிய்ந்த செருப்பு ஒன்றும் விளக்கமாறு ஒன்றும் கட்டித் தொங்கவிட்டேன். “என்னா ஆயா, கொழாய்க்குக் கண்ணு பட்டுடுச்சா?” என்று பிள்ளைகள் கேட்கின்றன. “ஆமா, எம் புருசன் கண்ணு” என்றேன். இப்போது கைப்பம்பில் அடித்துத்தான் சோறு. தோள்பட்டை இரண்டும் நான் என்ன பயில்வான் வீட்டுப் பெண்ணா என்று கேட்கின்றன.

நீங்கள் சொன்ன இரும்புக் குழாய் வாயைக் காணோம் மாமா. பின்பக்கம் முழுசும் கல். அதன் அடியில் எங்கேயோ இருக்கிறது. கான்ட்ராக்டரின் ஆளைக் கேட்டால், “அங்க ஒரு துருப்புடிச்ச பைப்பு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. புள்ளைங்க கால இடிச்சுக்கும்னு அறுத்துட்டுக் கல்லு போட்டோம்” என்கிறார். நல்லது செய்ததாகத்தான் சொல்கிறார். இடம் கேட்டால் நாலு பக்கமும் கை காட்டுகிறார். யூனியன் ஆபீசிலிருந்து வயர்மேன் அன்பரசு வந்து பார்த்தார். குழி எங்கே என்று தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் தோண்டலாம், இல்லையென்றால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும் என்றார்.

“ஒங்க ஊட்டுக்காரரு போட்டதுதானே. வந்து காட்டச் சொல்லுங்கம்மா” என்றார் டீச்சர்.

ஒரு வயரும் தொட வேண்டாம் மாமா. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாருங்கள். கால் கட்டைவிரலால் காட்டினால் போதும். மினிபஸ்ஸில் நான் டிக்கெட் எடுக்கிறேன். வானம் தெற்கே கருத்துக்கொண்டு வருகிறது. நான் சிரித்துச் சிரித்து எழுதுகிறேனே தவிர, மணி அடித்துப் பிள்ளைகள் தட்டோடு ஓடி வருகிறபோது என் கண் சோற்றில் இல்லை, அந்தச் சேலை முடிச்சில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கொளஞ்சி

*

முந்திரித் தோப்பு.
28.8.2025

அன்புள்ள கொளஞ்சிக்கு,

நான் வரக் கிளம்பினேன். ரோடு வரைக்கும் வந்தேன். மேலே கரண்டு லைன் போகிற சத்தம் கேட்டது. காற்றில் கம்பி போடுகிற சத்தம்தான், தெரியும். தெரிந்தும் கால் நகரவில்லை. திரும்பிவிட்டேன். இதை யாரிடமும் சொல்லாதே.

இடத்தை எழுதுகிறேன். நீ முன்னே சோறு வடிப்பாயே, பின் வாசலில் ஒரு சிமெண்டுத் திட்டு, அதை எடுத்துவிட்டார்களா? அந்தத் திட்டிலிருந்து கஞ்சித் தண்ணீர் வாய்க்காலாக ஓடி ஓர் இடத்தில் குட்டையாக நிற்கும். காக்காய் வந்து குடிக்கும். அந்த இடம்தான்.

வேண்டுமென்றுதான் அங்கே போட்டேன். எர்த்துக் குழியில் கரியும் கல்லுப்பும் போட்டு மூடினால் மட்டும் போதாது. உள்ளே ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுதிவைத்தால் யார் ஊற்றுவார்கள்? யோசித்துப் பார்த்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் தவறாமல் நடக்கிற வேலை நீ சோறு வடிக்கிறதுதான். அதனால் உன் கஞ்சி விழுகிற இடமாகப் பார்த்துக் குழி வெட்டினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் செய்வாய்.

இத்தனை வருசம் அந்த மோட்டாரில் எத்தனை தடவை கசிந்ததோ. நீ வடித்த கஞ்சிதான் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

குழி சரியானாலும் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கசிந்தால் தானே அறுத்துக்கொள்கிற சுவிட்சு ஒன்றும் மாட்டச் சொல். அன்பரசு விவரம் தெரிந்தவர், செய்வார்.

மழைக்கு முன்னால் செய்யச் சொல்.

தேவநாதன்

*

புளியந்துறைமேடு.
10.9.2025, புதன்

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தில் கிண்டல் இல்லை. தேட வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே இடத்தைக் காட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன், நான் வடித்த கஞ்சி. அன்பரசு சாக்கட்டியால் வட்டம் போட்டார். ஆனால் கான்ட்ராக்டர் கல்லைப் பெயர்க்க விடவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்து முடிக்கும் வரைக்கும் ஒரு கல்லும் அசையக்கூடாதாம். “இருக்குறது இருக்கட்டும், மோட்டாரத்தான் நிறுத்தி வச்சிருக்கீங்களே” என்றார். அதுவும் சரிதானே என்று நாங்களும் இருந்தோம்.

நேற்று அந்த அதிகாரிகள் வருகிற நாள். டீச்சருக்குக் கடலூரில் கூட்டம் என்று அவசரமாக அழைப்பு வந்து போய்விட்டார், பீஸ் கட்டை அவர் பையில். காலையிலிருந்து தூறல். கக்கூசுத் தொட்டியில் தண்ணீர் இல்லை. அதிகாரி வந்து பார்த்தால் அசிங்கம் என்று கான்ட்ராக்டரின் ஆள் பீஸ் கட்டை இருந்த இடத்தில் ஒரு கம்பியைச் சொருகி மோட்டாரைப் போட்டுவிட்டிருக்கிறார். குழாயில் நான் கட்டிய சேலையையும் செருப்பையும் அவிழ்த்து வீசியிருக்கிறார், பார்க்க நன்றாயில்லை என்று. எனக்கு அடுப்புச் சத்தத்தில் மோட்டார்ச் சத்தம் கேட்கவில்லை.

தட்டு விழுகிற சத்தம்தான் கேட்டது. வெண்மதியின் தட்டு. எட்டிப் பார்த்தேன். வலது கை குழாயோடு ஒட்டியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. சத்தம் வரவில்லை. அந்த வாயாடிக்குச் சத்தம் வரவில்லை மாமா.

ஓடினேன். கையை நீட்டிவிட்டேன். எட்டித் தொடுகிற தூரம். உங்கள் கையெழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. தொடாதே. கையில் சோறு கிண்டுகிற துடுப்பு இருந்தது, ஆனால் அது ஈரம். ஈரக் கட்டை கூடாது. அதைப் போட்டுவிட்டுத் திரும்பி உள்ளே ஓடினேன். சுவரில் புதுத் துடுப்பு மாட்டியிருந்தது, தண்ணீர் படாதது. அதை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளையின் கையில் ஓங்கி அடித்தேன். விழுந்துவிட்டது. இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். குமராட்சியிலிருந்து வந்த மினிபஸ்காரர் பாதியில் எல்லோரையும் இறக்கிவிட்டுச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. முதலில் அதை எழுதியிருக்க வேண்டும், மன்னியுங்கள். உள்ளங்கை வெந்திருக்கிறது. மணிக்கட்டில் நான் அடித்த அடியில் எலும்பு விரிசல். நெஞ்சுத் துடிப்பைப் பார்க்கச் சில நாள் படுக்கையில் வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் வெண்மதியின் அம்மா செல்லாயி வயலிலிருந்து அப்படியே வந்தாள், கால் சேறுகூடக் கழுவவில்லை. பார்த்திருந்த பிள்ளைகள் அவளிடம் சொல்லியிருக்கின்றன. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “எம் புள்ள துடிக்கையில நீ திரும்பி ஓடுனியாமே. கிட்ட வந்துட்டு ஓடுனியாமே அக்கா.”

ஊரே பயப்படுகிற வாய் எனக்கு. குனிந்து அவள் கால் சேற்றை என் முந்தானையால் துடைத்தேன்.

பொன்னுரங்கம் அண்ணன் பொண்டாட்டி உங்களைக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். “அழுவையில பேசுது, வாங்க” என்று இழுத்துக்கொண்டு வந்தேன். அழுகை ஓய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் நீங்கள் ஒவ்வொரு சுவிட்சாக விலகி விலகிப் போனபோது, இது என்ன ஆம்பிளை என்றுகூட ஒருநாள் நினைத்தேன். நேற்று ராத்திரி எனக்கு வீட்டு லைட்டைப் போட முடியவில்லை. கை அதன் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையை விட்டுத் திரும்பிய அந்த இரண்டு எட்டு, அதுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சரியான பக்கம்தான் ஓடினேன், எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

வாங்க என்று இதில் எழுதவில்லை. எத்தனை தரம் எழுதுவது. ஆனால் இந்த ஊரில் இதைச் சொன்னால் புரிகிற ஆள் ஒருத்தரும் இல்லை.

கொளஞ்சி

*

நம் வீடு.
14.9.2025, ஞாயிறு மாலை

அன்புள்ள கொளஞ்சிக்கு,

நேற்று உன் கடிதம் கிடைத்தது. இன்று காலை முதல் பஸ்ஸுக்கு ரோட்டுக்கு வந்தேன். லைன் சத்தம் போட்டது. நின்றேன். ஒரு பஸ் போய்விட்டது. அடுத்ததில் ஏறிவிட்டேன்.

நீ ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறாய் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகள் இல்லாத நாளாகப் பார்த்துத் தோண்ட டீச்சர் கேட்டைத் திறந்துவிட்டு நின்றிருந்தார், அன்பரசும் இருந்தார். இன்றைக்குக் கல்லைப் பெயர்ப்பதற்கு யாரும் குறுக்கே வரவில்லை. கான்ட்ராக்டரின் அந்த ஆளே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாக்கட்டி வட்டம் மழையில் அழிந்திருந்தது. எனக்கு வட்டம் தேவைப்படவில்லை.

குழி காய்ந்து கிடந்தது. கரி பொடியாகிவிட்டது. மேல் மண்ணை எடுத்து, புதுக் கரியும் உப்பும் போட்டு, புதுக் குழாய் இறக்கினோம். தண்ணீர் ஊற்றினேன். குடித்தது. இன்னொரு குடம் ஊற்றினேன், அதையும் குடித்தது. ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. பாவமாக இருந்தது.

வயரை அன்பரசுதான் முடுக்கினார். நான் தொடவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நான் நின்றதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, “அண்ணே, நீங்க தண்ணி ஊத்துங்க, அதுதான் முக்கியம்” என்றார். மோட்டாரைக் கழற்றிச் சிதம்பரத்துக்கு ரிப்பேருக்கு அனுப்பியாயிற்று. தானே அறுத்துக்கொள்கிற சுவிட்சு மாட்டியாயிற்று. குழாய் வாய்க்கு மேல் ஒரு புனல் வைத்து, பின் வாசலிலிருந்து அதுவரைக்கும் வாய்க்கால் எடுத்துவிட்டேன். நாளையிலிருந்து கஞ்சியை அதில் வடி. காக்காயும் வரட்டும்.

நீ ஈரத் துடுப்பைக் கீழே போட்ட இடத்தில் நின்று பார்த்தேன். அங்கிருந்து சுவர், சுவரிலிருந்து குழாய். நீ ஓடிய வழி. நான் நடந்து பார்த்தேன். வேறு வழி இல்லை கொளஞ்சி. எனக்கும் அன்றைக்கு வேறு வழி இல்லை. உன் வழியில் நடந்தபோதுதான் என் வழி எனக்குத் தெரிந்தது.

நாளைக்கு நானும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். செல்லாயி கேட்டால் நீ பேச வேண்டாம், நான் சொல்கிறேன். அவளுக்கு இப்போது புரியாமல் போகலாம். இன்னொரு நாள் கேட்டாலும் சொல்வோம். அப்புறம் பொன்னுரங்கம் வீட்டுக்கும் ஒரு நடை போக வேண்டும். நீ கூட வா. நீ கூட இருந்தால் அங்கே கொஞ்சம் பேச்சு வரும்.

டீச்சர் இப்போது பிள்ளையைப் பார்க்கச் சிதம்பரம் கிளம்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டேன். உலையும் வைத்திருக்கிறேன்.

டிரங்குப் பெட்டி மேலிருந்து என் போனை எடுத்துத் துடைத்தேன். சார்ஜரையும் எடுத்துப் பிளக்கில் சொருகிவிட்டேன். உன் சாரைப்பாம்பு கடிக்கவில்லை. சுவிட்சை மட்டும் இன்னும் போடவில்லை. லைட்டும் போடவில்லை. உனக்கும் கை போகவில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு பேரும் சேர்ந்து போடலாம்.

இருட்டுவதற்குள் வந்துவிடு. வாசலில்தான் இருக்கிறேன்.

உன் மாமா,
தேவநாதன்